பேர் எழுதாத புடவை: ஆரணிப் பட்டும் கூகுள் தேடலும்

போன வாரம் பேசின எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சுல வர்ற "அது வந்து", "அதாவது பாத்தீங்கன்னா" எல்லாத்தையும் எடுத்துட்டுக் கொஞ்சம் சீர் பண்ணியிருக்கேன். படிக்க நேரம் இல்லாதவங்க ஆடியோவே கேட்டுக்கலாம்.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல ரெண்டு மாசத்துல கல்யாணம். பட்டுப்புடவை எடுக்கணும். கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி போனை எடுத்து கூகுள்ல என்ன டைப் பண்ணுவீங்க?

பெரும்பாலும் "காஞ்சிபுரம் பட்டு" என்றுதான் அடிப்போம். "ஆரணிப் பட்டு" என்று அடிக்கிறவர்கள் ஆரணிக்காரர்களாகவோ, ஆரணியில் சொந்தம் இருக்கிறவர்களாகவோ இருப்பார்கள். ஆனால் நீங்கள் கடைசியில் வாங்கிக் கட்டப்போகிற புடவை ஆரணித் தறியில் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆரணியில் நெய்கிற சரக்கில் ஒரு நல்ல பங்கு காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போய், அங்கே இருக்கிற கடைகளின் பெயரில்தான் விற்கிறது.

இன்றைக்கு ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருக்கிற வீடுகளில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இன்ஸ்டாகிராமில் ஒரு பேஜ், ஃபேஸ்புக்கில் ஒரு பேஜ், வாட்ஸப்பில் நாலு குரூப் என்று நடத்துகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நம்ம பேஜ் கூகுள்ல ஏன் வரமாட்டேங்குது?" நான் கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி என்கிட்ட வருகிறது. இதுக்கு யூடியூபில் "பத்தே டிப்ஸ்" வீடியோ ஆயிரம் இருக்கு. அந்த டிப்ஸ் ஏன் சில வருஷம் வேலை செய்யுது, அப்புறம் ஏன் நின்னுபோகுது என்பது வரலாறு தெரிஞ்சாத்தான் புரியும். அதனால் இன்னைக்கு வரலாறு.

ஒரு ஊர், நாலு ஸ்பெல்லிங்

முதலில் ஊர். ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. ரெண்டு விஷயத்துக்குப் பேர் போனது: அரிசி, பட்டு. ஊருக்குள்ளேயும், சுற்றி தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டுத்தறி உண்டு. நெசவு பல சமூகங்களின் தொழில். செங்குந்தர்களும் இருக்கிறார்கள், வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வரலாற்றுப் புத்தகத்திலும் ஆரணி வரும். 1751-ல் ஆற்காடு முற்றுகை முடிந்த கையோடு, ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு ராசா சாகிபின் படையைத் தோற்கடித்தது இங்கேதான். 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதியதும் ஆரணிப் பக்கம்தான். ரொம்ப காலம் மராட்டிய ஜாகீர்தார்கள் கையில் இருந்த ஊர். எஸ்.வி. நகரம் என்று நாம் சுருக்கிச் சொல்கிற சத்தியவிஜய நகரத்தில் அவர்களுடைய அரண்மனை இன்னும் நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் போர்களைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் ஊர்ப்பெயரின் கடைசியில் ரெண்டு 'ஈ' போட்டு "ஆர்னீ" என்று எழுதினார்கள். களம்பூரில் இருக்கிற ரயில் நிலையத்துக்கு "ஆரணி ரோடு" என்று பெயர். அங்கே ஆங்கிலத்தில் நடுவில் 'ஏ' இல்லை. மற்ற இடங்களில் நடுவில் 'ஏ' உண்டு. வாட்ஸப்பில் நம்ம பசங்க முதலிலேயே ரெண்டு 'ஏ' போடுகிறார்கள். ஆக ஒரே ஊருக்கு ஆங்கிலத்தில் நாலு ஸ்பெல்லிங்.

இது போதாதென்று திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆரணி இருக்கிறது. மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் ஒரு ஆர்ணி இருக்கிறது. தேடல் இயந்திரத்துக்கு இதெல்லாம் எழுத்துக்கள்தான். ஸ்பெல்லிங் வித்தியாசத்தை அது ஓரளவு சமாளிக்கும். அப்படிச் சமாளிக்கக் கற்றுக்கொள்வதே, பல பேர் பல இடத்தில் அந்தப் பெயரையும் பட்டையும் சேர்த்து எழுதியதைப் பார்த்துத்தான். யாரும் எழுதவில்லை என்றால் அதுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

துணிக்குத் துறைமுகத்தின் பேர்

நெய்த ஊரின் பெயர் காணாமல் போவது புதுசு இல்லை. ஐரோப்பியர்கள் இந்தியப் பருத்தித் துணியை "காலிகோ" என்று அழைத்தார்கள். கோழிக்கோடு என்ற துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஆனால் காலிகோ என்று விற்ற துணியெல்லாம் கோழிக்கோட்டில் நெய்ததா? சோழமண்டலக் கரையில் நெய்தது, குஜராத்தில் நெய்தது எல்லாம் அதே பெயரில்தான் போனது. இந்தத் துணி இங்கிலாந்தில் எவ்வளவு ஓடியது என்றால், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற அங்கே 1700-லும் 1721-லும் சட்டமே போட்டார்கள். சட்டத்தின் பெயரிலும் கோழிக்கோடுதான் இருக்கிறது. நெய்த கிராமங்கள் இல்லை.

"மெட்ராஸ்" கட்டம் போட்ட துணியும் அப்படித்தான். கம்பெனி 1639-ல் மெட்ராஸில் கால் வைத்ததற்குத் துணி வியாபாரம் ஒரு பெரிய காரணம். 1734-ல் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியேற்றி ஒரு பேட்டையே கட்டினார்கள். சின்னத் தறிப் பேட்டை. அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. சென்னையில் அந்த வழியா தினமும் ஆபீஸ் போறவங்க ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க, தறி இருந்த இடம் அது. ஆனாலும் மெட்ராஸ் என்ற பெயரில் கப்பல் ஏறிய துணியில் எவ்வளவோ உள்நாட்டுக் கிராமங்களில் நெய்தது. வாங்குகிறவருக்குத் தெரிந்தது கப்பல் கிளம்பிய ஊர் மட்டும்தான்.

பட்டு விஷயத்தில் அந்தத் துறைமுகத்தின் இடத்தில் காஞ்சிபுரம் இருக்கிறது. காஞ்சிபுரத்தைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. பல்லவர் தலைநகரம், கோயில் நகரம், ஊரிலிருந்து வந்துபோகிற யாத்ரீகர்கள், பெரிய கடைத்தெரு, உடம்பையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து சேர்க்கிற கோர்வை வேலை. அந்தப் பெயர் உழைத்துச் சம்பாதித்த பெயர். ஆனால் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆரணிக்கு அந்தப் பெயர் ஒரு வாசலாகவும் இருந்தது, ஒரு திரையாகவும் இருந்தது. சரக்கு விற்றது. ஊர்ப் பெயர் விற்கவில்லை.

விலை விஷயத்திலும் இது தெரியும். கர்நாடகத்திலிருந்து வருகிற பட்டுநூல், சூரத்திலிருந்து வருகிற ஜரிகை, இங்கே பாவு, சாயம், நெசவு. இத்தனை பேர் கை பட்ட பிறகு, வாடிக்கையாளருக்குத் தெரிந்த பெயரை வைத்திருப்பவர்தான் கடைசி விலையைச் சொல்கிறார். மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்பவருக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் புடவை எந்தக் கடையில் எந்த விலைக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாமலேயே போகலாம்.

தேடல் இயந்திரம் என்றால் என்ன

இப்போ டெக்னிக்கல் பக்கம். பயப்பட வேண்டாம், சுலபம்தான்.

ஆரம்பத்தில் இணையத்தில் தேடுவது என்பது மனிதர்கள் தொகுத்த பட்டியலைப் பார்ப்பது. 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆரம்பித்த யாஹூ அப்படிப்பட்ட பட்டியல்தான். 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. அது லட்சக்கணக்கான பக்கங்களில் இருக்கிற சொற்களை எல்லாம் எடுத்து ஒரு சொல்லடைவு போட்டது. பழைய நூல்களின் கடைசியில் "இந்தச் சொல் இந்தந்தப் பக்கத்தில் வருகிறது" என்று போட்டிருப்பார்களே, அதேதான். இன்றைக்கும் எல்லாத் தேடல் இயந்திரத்துக்கும் அடித்தளம் அதுதான். சொல் இல்லாத பக்கம் சொல்லடைவில் ஏறாது. ஆரணி என்று எழுதாத பக்கத்தை ஆரணி என்று தேடி எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

1998-ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் சேர்த்த பெரிய யோசனை பேஜ்ரேங்க். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை மட்டும் பார்க்காதே, மற்ற பக்கங்கள் அதை எவ்வளவு சுட்டுகின்றன, எந்தச் சொல்லைப் போட்டுச் சுட்டுகின்றன என்று பார். ஊர்ல நாலு பேர் சொன்னா நம்புவோம் இல்லையா, அந்தக் கணக்கு.

உடனே ஏமாற்று வேலையும் ஆரம்பமானது. பின்னூட்டப் பெட்டிகளில் எல்லாம் தங்கள் லிங்க்கைக் கொட்டினார்கள். அதனால் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் சேர்ந்து "நோஃபாலோ" என்ற குறியைக் கொண்டுவந்தன. இந்தக் குறி இருக்கிற லிங்க்கை சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். பிறகு வந்த பெரிய சமூக வலைத்தளங்களும் வெளியே போகிற லிங்க்குகளுக்கு இந்தக் குறியைப் போட்டன. அதனால்தான் உங்க வெப்சைட் லிங்க்கை நூறு ஃபேஸ்புக் குரூப்பில் போட்டாலும் கூகுள் அதை நூறு சிபாரிசாக எண்ணுவது இல்லை. அது 2005-ல் போட்ட பூட்டின் தொடர்ச்சி.

கதவு திறக்கும், கதவு மூடும்

சமூக வலைத்தளங்கள் வந்தபோது அவை மூடிய வீடுகள். உள்ளே நுழைய லாகின் வேண்டும். கூகுளின் பாட் ஒரு விருந்தாளி மாதிரி. லாகின் பண்ணி உள்ளே வராது. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்கும், மூடியிருந்தால் போய்விடும்.

ஃபேஸ்புக் 2007 செப்டம்பரில், பயனர்களின் பெயரும் படமும் கொண்ட ஒரு சின்ன விவரத்தை வெளித்தேடலுக்குத் திறப்பதாக அறிவித்தது. அதே வருஷம் நவம்பரில் வியாபாரங்களுக்கான "பேஜ்" வந்தது. இது லாகின் இல்லாமலே பார்க்கக்கூடிய பக்கம், தேடலிலும் வரும். 2009 ஜூன் 13-ல் ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரில் முகவரி எடுக்கிற வசதி திறந்தது. அதுவரை முகவரியில் வெறும் எண்கள். இப்போது பெயரே முகவரி. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் முண்டியடித்துப் பெயர் பிடித்தார்கள். அன்றைக்கு எத்தனை கைத்தறி ஊர்களின் பெயர்களைச் சம்பந்தமே இல்லாதவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள் என்று நான் சில சமயம் யோசிப்பேன்.

2009 டிசம்பரில் கூகுள், ட்விட்டரோடு ஒப்பந்தம் போட்டு ட்வீட்டுகளை உடனுக்குடன் தேடலில் காட்டியது. 2011 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது, அந்த வசதியும் நின்றது. 2015-ல் மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் ட்வீட்டுகள். நடுவில் இருந்த நாலு வருஷத்தில் ட்வீட் எழுதியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ரெண்டு கம்பெனிகளுக்கு இடையே நடந்த பேச்சுவார்த்தை அது.

லைக் நிறைய வந்தால் கூகுளில் மேலே வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். 2014 ஜனவரியில் கூகுளின் மேட் கட்ஸ் ஒரு வீடியோவில் இதுக்குப் பதில் சொன்னார்: ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களையும் மற்ற வலைப்பக்கங்களைப் போலவே பார்க்கிறோம், லைக் எண்ணிக்கையையோ ஃபாலோயர் எண்ணிக்கையையோ தரவரிசைக்குத் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதாவது, காசு கொடுத்து லைக் வாங்கினால் அது கூகுளுக்கு உதவாது.

இன்ஸ்டாகிராம் கதை இன்னும் சுவாரஸ்யம். 2010-ல் வந்தது, போனுக்கான ஆப். வலையில் புரொஃபைல் பக்கமே 2012 நவம்பரில்தான் வந்தது. பிறகும் உள்ளே இருக்கிற பதிவுகள் தேடலில் ஒழுங்காக வந்ததில்லை. நாலு படம் பார்த்ததும் லாகின் கேட்கும். 2025 ஜூலை 10 முதல், 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் புரொஃபஷனல் கணக்குகளில் இருக்கிற பொதுவான படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போன்ற தேடல் இயந்திரங்கள் எடுத்துக் காட்டலாம் என்று அனுமதி வந்தது. பதினைந்து வருஷம் மூடியிருந்த கதவு. ஆரணியில் பேஜ் நடத்துறவங்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் கணக்கு பர்சனலாகவே இருந்தால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது; நம்ம ஊர்க் கிராமங்களில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களின் பக்கங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பார்வையிலிருந்து போயின. வாடகை வீட்டில் எவ்வளவு அழகாகக் கோலம் போட்டாலும் வீட்டுக்காரர் சாவியைக் கேட்டால் கொடுத்துவிட்டுத்தான் வரணும்.

வாட்ஸப்பைப் பற்றித் தனியாகச் சொல்லணும். பட்டு வியாபாரத்தில் பாதி அங்கேதான் ஓடுகிறது. காலையில் புதுப் புடவைப் படம், மதியம் ரீசெல்லர் குரூப், சாயங்காலம் ஆர்டர். வியாபாரம் நடக்கிறது, சந்தோஷம். ஆனால் அங்கே போடுகிற ஒரு வார்த்தைகூட எந்தச் சொல்லடைவிலும் ஏறாது. பத்து வருஷம் குரூப்பில் உழைத்தாலும், குரூப்புக்கு வெளியே இருக்கிற ஆளுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

படத்துக்குள் அடைபட்ட தமிழ்

தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடை இருந்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு ஃபாண்ட். தளத்துக்குப் போனால் முதலில் "ஃபாண்ட்டை டவுன்லோடு செய்க" என்று இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. கூகுள் பாட் வந்து பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் எழுத்துருக் குறியீட்டையும் தரப்படுத்தப் பார்த்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தாலும், கம்ப்யூட்டர்களில் அது பரவலாக வர இன்னும் பத்து வருஷம் ஆனது. தமிழ்நாடு அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010-ல்.

ஆனால் ஊர்களில் இருக்கிற டிடிபி கடைகளில் பழைய ஃபாண்ட் போகவில்லை. ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, புடவைக்கடை நோட்டீஸ் எல்லாம் இன்னமும் பல இடங்களில் அதில்தான். அந்த எழுத்தை காப்பி பண்ணி ஃபேஸ்புக்கில் ஒட்டினால் உடைந்துபோகும். அதனால் என்ன செய்கிறார்கள்? டிசைனர் கொடுத்த நோட்டீஸை அப்படியே படமாகப் போட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பெயர், கடைப் பெயர், புடவை விவரம், போன் நம்பர் எல்லாம் படத்துக்குள். கீழே கேப்ஷனில் ரெண்டு நெருப்பு எமோஜி.

படத்துக்குள் இருக்கிற எழுத்தை இப்போதைய மென்பொருள் ஓரளவு படிக்கும், உண்மைதான். ஆனால் முக்கியமான எழுத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் எழுத்தாகவே வையுங்கள் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. பேஜ் வரமாட்டேங்குது என்று என்கிட்ட சொன்னவர்களில் பல பேருடைய பேஜில், "ஆரணி" என்ற சொல் எழுத்தாக எங்கேயுமே இல்லை. ஆயிரம் புடவைப் படம் இருக்கிறது. ஊர்ப் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

"காஞ்சிபுரம்னு போட்டுக்கலாமா?"

இப்போ கஷ்டமான கேள்விக்கு வரேன். பேஜ் நடத்துகிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, ஜனங்க காஞ்சிபுரம்னுதான் தேடறாங்க. நானும் பேஜ் பேர்ல காஞ்சிபுரம்னு போட்டுட்டா வந்துடும்ல?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வயித்துப்பாடு. ஊர்ப் பெருமை பேசி இஎம்ஐ கட்ட முடியாது. இருந்தாலும் மூணு காரணத்துக்காக வேண்டாம் என்று சொன்னேன்.

ஒன்று, சட்டம். 1999-ல் இயற்றி 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் பதிவகமே சென்னையில்தான் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-ல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. சில வருஷம் கழித்து ஆரணிப் பட்டும் தன் பெயரில் தனியாகப் பெற்றது. பொய்யான புவிசார் குறியீட்டோடு சரக்கு விற்றால் சிறைத்தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு. பேஜில் எழுதுவதும் விற்பனைக்கான எழுத்துதான்.

ரெண்டு, கணக்கு. "காஞ்சிபுரம் பட்டு" என்ற சொல்லுக்குப் போட்டி போடுகிறவர்கள் பெரிய கடைகள். பல வருஷமாக வெப்சைட், விளம்பரம், பத்திரிகைச் செய்தி, ஆயிரக்கணக்கான லிங்க். நேற்று ஆரம்பித்த பேஜ் அந்த வரிசையில் எங்கே நிற்கும்? "ஆரணிப் பட்டு" என்று தேடுகிறவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியும், அங்கே போட்டியும் குறைவு. சின்னத் தெருவில் முதல் கடையாக இருக்கலாம்.

மூணாவது காரணம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. ஆரணிக்காரர்களே ஆரணி என்று எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? காலிகோ காலத்தில் நெசவாளருக்குத் தன் ஊர்ப் பெயரைக் கப்பலில் ஏற்ற வழி இல்லை. எழுதியவர்கள் கம்பெனி குமாஸ்தாக்கள். இன்றைக்கு எழுதுகிற கை நெசவாளர் வீட்டுக் கை. அந்தக் கையே காஞ்சிபுரம் என்று எழுதினால், நாளைக்குத் தேடலும், அந்த எழுத்துகளைப் படித்துப் பதில் சொல்கிற ஏஐயும், ஆரணியில் பட்டு உண்டு என்பதற்கு அடையாளம் இல்லாமல் பதில் சொல்லும்.

இந்தக் குறியீட்டில் ஒரு விவரம் பல பேருக்குத் தெரியாது. ஊருக்குக் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. நெய்கிறவர், விற்கிறவர் தனித்தனியாக "அங்கீகரிக்கப்பட்ட பயனர்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிவு செய்தவர் தன் பேஜிலேயே அதை எழுதிப் போடலாம். சில்க் மார்க், கைத்தறி முத்திரை வைத்திருப்பவர்களும் அப்படியே. வாடிக்கையாளர் நம்புவதற்கு இதைவிட நல்ல எழுத்து வேறு என்ன வேணும்?

சரி, என்ன செய்யலாம்?

இவ்வளவு வரலாறும் சொல்வது ரெண்டு விஷயம். ஊர்ப் பெயரை எழுத்தாக எழுதணும். ஒரே கதவை நம்பி இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

பேஜின் பெயரிலும், முகவரியிலும், அறிமுக வரியிலும் ஆரணி வரட்டும். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. ஆங்கிலத்தில் ஒரு ஸ்பெல்லிங்கை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். இன்னொரு ஸ்பெல்லிங்கை அறிமுகத்தில் ஒரு முறை சேர்த்தால் போதும். மாவட்டத்தின் பெயரையும் போட்டால் மற்ற ஆரணிகளோடு குழப்பம் வராது. இன்ஸ்டா கணக்கை புரொஃபஷனலாக மாற்றி, தேடலில் காட்டும் அனுமதி ஆனாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு புடவைக்கும் ரெண்டு வரி எழுதுங்கள். என்ன நிறம், என்ன கரை, கோர்வையா இல்லையா, முந்தியில் என்ன, எடை எவ்வளவு, எந்த ஊர்த் தறி. கடைக்கு வந்த அம்மாவிடம் வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். ஆரணிப் புடவை எடை குறைவு, கட்ட லேசா இருக்கும் என்று அதைக் கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அந்த வரியே ஒரு தேடல் சொல்தான்: "லேசான பட்டுப்புடவை" என்று தேடுகிற ஆள் நிச்சயம் இருக்கிறார். இன்ஸ்டாகிராமில் 2018 முதல் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதும் இடம் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காக வந்தது அது. கண்ணில்லாத தேடல் பாட்டுக்கும் அது உதவும்.

பிறகு, கூகுளின் பிசினஸ் புரொஃபைலில் கடையையோ தறிக்கூடத்தையோ பதிவு செய்யுங்கள். இலவசம். சின்னதாக ஒரு சொந்த வெப்சைட், அஞ்சு பக்கம் இருந்தால்கூடப் போதும். இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப் எல்லாம் அதைச் சுட்டட்டும், அதுவும் அவற்றைச் சுட்டட்டும். நாளைக்கு ஒரு கதவு மூடினால் வாடிக்கையாளர் வந்து நிற்க ஒரு திண்ணை இருக்கும்.

இதைச் செய்தால் ஒரு மாசத்தில் முதல் பக்கத்துக்கு வருவீர்கள் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது. கூகுளே தராது. ஒவ்வொரு வரியாகச் சேரணும். பாவில் ஊடை ஓட்டுகிற வேகம்தான் இதுக்கும்.

கேட்கிற உங்களுக்கும் இதில் வேலை இருக்கு. பேஜ்ரேங்கின் அடிப்படை யோசனை மற்றவர்களின் வார்த்தை என்று பார்த்தோம். ஆரணிப் புடவை உங்க வீட்டு பீரோவில் இருந்தால், அடுத்த விசேஷத்துக்குக் கட்டிப் படம் போடும்போது கேப்ஷனில் "ஆரணிப் பட்டு" என்று எழுதுங்க. வாங்கின இடத்துக்கு கூகுளில் ரிவ்யூ எழுதும்போது ஊர்ப் பெயரைச் சேருங்க. பிளாக் வெச்சிருக்கவங்க ஒரு லிங்க் கொடுங்க. கடையில் வாங்கும்போது "இது எந்த ஊர்த் தறி?" என்று கேளுங்க. கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினாலும் பரவாயில்லை. பத்து பேர் கேட்டால், பதினொண்ணாவது ஆளுக்கு அவர் பதில் தயாரா வெச்சிருப்பார்.

அடுத்த எபிசோட் சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றி. தறி போய் மீன் மார்க்கெட்டும் அச்சகமும் வந்த கதை. உங்க ஊரிலும் இப்படி வேறொரு ஊர்ப் பெயரில் விற்கிற பொருள் இருந்தால் எழுதி அனுப்புங்க. ஊர்ப் பெயரை மறக்காம எழுதுங்க. சந்திப்போம்.